வில்சன் பினிஷ் வைத்த கடற்கரை

என் தம்பி வில்சனை மடையன் என்று திட்டும் உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. வேறு யாராவது அப்படிச் சொன்னால் சும்மா விடமாட்டேன். ராணிப்பேட்டையில் அவனைப் போல ஒரு பினிஷிங் மேஸ்திரி இருந்ததில்லை என்பது அவனோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஜியாவுல்லா சாயபுவின் டேனரியில் பதினேழு வயதில் நுழைந்தவன். முப்பது வயதுக்குள் அந்தப் பிரிவு முழுக்க அவன் கைக்கு வந்துவிட்டது. பதனிட்டு, சாயம் ஏற்றி, காயவைத்த தோல் கடைசியாக அவனிடம்தான் போகும். போகும்போது பழைய சாக்கு மாதிரி செத்துக் கிடக்கும். அவன் அதன்மேல் வண்ணக்கூழ் பூசி, முட்டை வெண்கருவும் பால்சத்தும் கலந்த தண்ணீரைத் தடவி, லேக்கர் என்கிற மெருகை அடித்து, சூடான இரும்புத் தகட்டில் வைத்து அழுத்தி எடுத்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதற்குப் பெயர்தான் பினிஷ். பினிஷ் வைக்காத தோலைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்கும். சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பான்.

குடிக்கமாட்டான், வெற்றிலை போடமாட்டான், சண்டைக்குப் போகமாட்டான். ஒரே ஒரு பைத்தியம் உண்டு, பெண்டாட்டி பைத்தியம். ஊரில் எல்லோரும் சொன்னார்கள், முதலில் சொன்னது நான்தான்.

அந்தப் பெண்டாட்டி கிரேஸி, எழுபதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், மிஷன் பள்ளி ஆபீஸில் டைப்பிஸ்ட். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். நாத்தனாரோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு ஒரு பெண் பதினோரு வருஷம் சிரித்த முகமாக இருந்தாள் என்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் வாய் அப்படி. குழந்தை இல்லை. அதற்காக வில்சன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

எங்கள் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த பார்லோ அம்மா ஓய்வு பெற்ற பிறகும் சீமைக்குத் திரும்பிப் போகாமல் காம்பவுண்டிலேயே ஒரு சின்ன பங்களாவில் இருந்தார்கள். எழுபத்தைந்தில் அவர்களுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கிரேஸிக்கு நர்ஸ் உதவியாளர் பயிற்சி உண்டு. அவள்தான் போய்ப் பார்த்துக்கொண்டாள். நான்கு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, மலஜலம் எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த அறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் இருந்தது. கடற்கரை. எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. கிட்டே போனால் கடலும் இல்லை, கரையும் இல்லை. யாரோ வண்ணத்தைக் கரண்டியால் அள்ளி அப்பிவிட்டுப் போன மாதிரி கட்டிகட்டியாக இருக்கும். மணல் மஞ்சளாக இருக்காது, ஒரு மாதிரி ரோஸ். குடையின் நிழல் கறுப்பாக இருக்காது, கத்தரிப்பூ நிறம். ஈர மணலில் ஆகாயம் துண்டுதுண்டாகக் கிடக்கும். மனிதர்களுக்கு முகமே கிடையாது, இரண்டு மூன்று தீற்றல்தான். போதாக்குறைக்கு எல்லாமே வறண்டு, சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கிக் கிடக்கும். இதையா ஒரு வெள்ளைக்காரி ஆசையாக மாட்டி வைத்திருக்கிறாள் என்று நினைப்பேன்.

கிரேஸி அப்படி நினைக்கவில்லை. எட்டு அடி தள்ளி நின்று பாருங்கள் என்று என் தோளைப் பிடித்து நிறுத்துவாள்.

“காலைல கிழக்கு ஜன்னலைத் திறந்தா அந்தப் படத்துல வெயில் ஏறும் அக்கா. சாயங்காலம் இந்தப் பக்கம் திறந்தா அதே மணல்ல வெயில் இறங்கும். ஒரே படம்தான். ஆனா அதுல பொழுது போகுது. அம்மா வெளிய போக முடியாது இல்ல, அவங்களுக்கு அதான் வெளி.”

வீட்டு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

எழுபத்தொன்பதில் பார்லோ அம்மா இறந்தார்கள். சாமான்களையெல்லாம் பள்ளிக்கு எழுதிவைத்துவிட்டு, படத்தை மட்டும் கிரேஸிக்கு என்று கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். தன் தாத்தா பிரான்ஸ் தேசத்தில் ஒரு கடற்கரை ஊரில், வரைந்தவர் கையாலேயே வாங்கியது என்று அதில் இருந்தது. கிரேஸி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரியான சுவர் இல்லை. பீரோவுக்குப் பக்கத்தில் இருட்டு மூலையில் மாட்டினோம்.

எண்பத்தொன்று பிறந்ததும் அவளுக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. பிறகு கால். பிறகு வாந்தி. வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் மாதக்கணக்குதான். நெமிலியில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி ஞானசீலன் அன்றைக்கே பஸ் ஏறி வந்து, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பரிசோதனையில் பொருந்தியும் விட்டது. டாக்டர்கள் தயார், கொடுக்கிறவன் தயார். எங்களால் முடியாதது பணம் ஒன்றுதான். ஆபரேஷனுக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க மருந்து. நகை போயிற்று, என் சேமிப்பு போயிற்று, ஜியாவுல்லா சாயபு கொடுத்தார், சபையில் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து அவளை மிஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணவே சரியாகிக்கொண்டிருந்தது. வாரம் இரண்டு தடவை வேலூருக்கு பஸ்ஸில் போய்வருவாள். திரும்பி வரும்போது பிணம் மாதிரி வருவாள். வில்சன் அவளை நிறுத்தத்திலிருந்து வீடுவரை தூக்கிக்கொண்டே வருவான். தெருவே பார்க்கும், அவனுக்கு வெட்கம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு யோசனை சொன்னார்கள். அந்தப் படம் நிஜமாகவே பழைய பிரெஞ்சுப் படம் என்றால் அதற்கு நல்ல விலை இருக்கும், மெட்ராஸில் சம்பத் என்று ஒருவர் படங்களை மதிப்பிட்டு விற்றுக்கொடுக்கிறார், எழுதிப் பார் என்றார்கள். வேலூர் லாங் பஜாரில் இருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படத்தை போட்டோ எடுத்து, பார்லோ அம்மாவின் கடிதத்தை டைப் அடித்து, இரண்டையும் அனுப்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. கறுப்பு வெள்ளை போட்டோவிலேயே தூரிகை ஓடிய மேடுபள்ளம் தெரிகிறது, கடிதமும் நம்பும்படி இருக்கிறது, பம்பாயில் வாங்கக்கூடிய ஒருவரிடம் பேசியும் வைத்திருக்கிறேன், மார்ச் கடைசித் திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஞானசீலன்கூட நடவை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கார்டு போட்டான்.

சம்பத் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்ததும் வில்சன் படத்தைக் கழற்றி முற்றத்து வெளிச்சத்தில் வைத்தான். தோலைப் பார்க்கிற மாதிரி முதலில் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு முன்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தான். விரலை நாக்கில் தொட்டு ஒரு ஓரத்தில் வைத்தான். ஈரம் அப்படியே உள்ளே போய்விட்டது. அவன் முகம் மாறிவிட்டது.

“பாத்தியா அக்கா, குடிக்குது. மேல ஒண்ணுமே வைக்கல. பாதியில வுட்டுட்டாங்க. கலரையும் வடிகட்டாம அடிச்சிருக்கான், எவ்ளோ கட்டி பாரு. இப்டியே காட்டினா அந்த ஆளு இன்னா நினைப்பாரு? பினிஷ் இல்லாத சரக்க எவன் வாங்குவான்?”

சரக்கை மதிப்பிட வருகிறவர்களைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்தவன் அவன். ஹாம்பர்க்கிலிருந்து வந்தாலும் கான்பூரிலிருந்து வந்தாலும் முதலில் பளபளப்பைப் பார்ப்பார்கள், பிறகுதான் விலை பேசுவார்கள். ஒரு தடவை தூசியோடு காட்டியதற்காக முழு லாட்டையும் இரண்டாம் தரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று அவன் எத்தனை முறை சொல்லியிருக்கிறான்.

இங்கே என்னை என்ன செய்தாலும் தகும். நான் இங்கிலீஷ் படித்தவள், நாலு புத்தகம் பார்த்தவள். வேண்டாம்டா, வருகிறவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? ஆமாண்டா, மூஞ்சி அலம்பாத மாதிரிதான் இருக்கிறது என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. நாலு முட்டையை உடைத்து, மஞ்சள் கலக்காமல் வெள்ளையை மட்டும் பிரித்து, தூக்குவாளியில் ஊற்றி நானே எடுத்துக்கொண்டு அவன் சைக்கிள் பின்னால் டேனரிக்கு நடந்தேன்.

ஷெட்டில் ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. அவ்வளவு பக்குவமாக அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. சட்டத்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த இடத்து ஆணி எது என்று சாக்பீஸால் தரையில் குறித்து வைத்தான். படத்துணியை மேஜைமேல் விரித்து ஈரப்பஞ்சால் துடைத்தான். வெண்கருவைப் பால்சத்தோடு கலந்து, மெத்தென்ற துணிப்பட்டையில் நனைத்துத் தடவினான். காயவிட்டு லேக்கர் அடித்தான். கடைசியாகத் தகட்டைச் சூடு பண்ணி, கையைக் கிட்டே வைத்துப் பார்த்து, ஆட்டுத்தோலுக்கு வைக்கிறதைவிடக் கம்மிச் சூடு போதும் என்று சொல்லி, இரண்டு தடவை அழுத்தி எடுத்தான். கட்டி ஒன்று பாக்கியில்லாமல் படிந்துவிட்டது. படம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன பிரயோஜனம்? பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிரேஸியின் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினான். அவள் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்ளோ பளபளன்னு இருக்குது, உங்க கை பட்டா எதுவும் மாறிடும் என்று சிரித்தாள். அவன் சின்னப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பத்து மணி வாக்கில் சம்பத் வந்தார். கதர் ஜிப்பா, கைப்பை, அதிகம் பேசாத மனுஷர். கிரேஸி நல்ல சேலை கட்டிக்கொண்டு, வீங்கிய காலை மறைத்து உட்கார்ந்திருந்தாள். வில்சன் வந்தவருக்குக் குடிக்கக் கலர் வாங்கக் கடைக்கு ஓடினான். சம்பத் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கேட்டுவிட்டு முற்றத்துக்கு எடுத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார், விரலின் பின்பக்கத்தால் தடவினார், பையிலிருந்து நான் அனுப்பிய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மெதுவாக, ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார். இந்த மாதிரி ஓவியர்கள் கடலை வரையவில்லை, கடலின்மேல் விழுகிற வெயிலை வரைந்தார்கள். வெயிலைத் தனி வண்ணமாகக் குழைக்க முடியாது. அதனால் ரோஸ் பக்கத்தில் நீலம், நீலத்தின் பக்கத்தில் கத்தரிப்பூ என்று கனமாக அப்பி வைத்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் பட்டுச் சிதறும், அதற்குப் பின்னால் துளி நிழல் விழும். தள்ளி நிற்கிறவன் கண்ணில் அதெல்லாம் கூடி மணல் சுடுகிற மாதிரி இருக்கும். அந்த வறட்சியும் வேண்டுமென்றே வைத்ததுதான், உச்சிவெயிலில் மணல் அப்படித்தான் வெளுத்திருக்கும். இப்போது மேடு எல்லாம் நசுங்கிவிட்டது, லேக்கர் உள்ளே இறங்கி எல்லா வண்ணமும் ஒரே கருக்கலாகிவிட்டது. எந்தப் பக்கம் வைத்தாலும் ஜன்னல்தான் தெரிகிறது, படம் தெரியவில்லை.

“வெயில் போயிடுச்சும்மா. திருப்பிக் கொண்டுவர முடியாது. பழைய படம்தான், அசல்தான். நேத்து காலைல வந்திருந்தா நான் பேசாம கையில எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். கேட்க வேண்டாம் என்றார். நான் விடவில்லை. சொன்னார். அந்தத் தொகையை நான் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கிரேஸிக்கு ஆபரேஷன் ஆகி, மருந்தும் வாங்கி, ஒரு வீடும் கட்டியிருக்கலாம் என்பது மட்டும் போதும்.

அப்போது வாசலில் வில்சன் நுழைகிறான். இரண்டு கையிலும் கலர் பாட்டில், சட்டையெல்லாம் வேர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“இன்னா சார், எப்டி இருக்குது?” என்று கேட்டான்.

சம்பத் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“டூப்ளிகேட்டாம்டா. பார்லோ அம்மாவோட தாத்தாவை எவனோ ஏமாத்தியிருக்கான். ஆரம்பத்துல இருந்தே ஒண்ணுத்துக்கும் ஆகாத படமாம்.”

வில்சன் பாட்டில்களைக் கீழே வைத்தான். தன் பினிஷில் குறை ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டான். சம்பத் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இல்லப்பா, வேலை ரொம்ப சுத்தம் என்றார். வண்டிக்கூலிகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

என் தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். பெண்டாட்டியின் உயிரைத் தன் கையாலேயே தகட்டில் வைத்து அழுத்தினான் என்று தெரிந்தால் அவன் அன்றைக்கே ரயில் தண்டவாளத்துக்குப் போய்விடுவான், அவனை எனக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றை நான் யோசிக்கவில்லை. அவனுடைய வேதனை எங்கேயாவது போய் விழ வேண்டுமே. அது பார்லோ அம்மாமேல் போய் விழுந்தது.

யாரையும் ஒரு சொல் சொல்லாதவன், நாளெல்லாம் செத்துப்போன கிழவியைத் திட்டினான். நாலு வருஷம் மூத்திரம் அள்ளியதற்கு ஒரு டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள், தெரிந்தேதான் கொடுத்திருப்பாள், வெள்ளைக்காரி புத்தி என்பான். பார்லோ அம்மாவின் கல்லறையை மாதம் ஒருமுறை கூட்டிவிட்டு வருவான், அதை நிறுத்தினான். கிரேஸி எல்லாவற்றையும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். எத்தனையோ பேரிடம் போய்க் கையேந்தினோம். வேலூருக்குப் போவது வாரம் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு பஸ்ஸுக்கே தெம்பில்லை. ஞானசீலன் ஒவ்வொரு வாரமும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். கொடுக்க வந்தவனை வெறும் கையோடு திருப்பி அனுப்புவதைவிடக் கொடுமை ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், வில்சன் வேலைக்குப் போயிருந்தான். கிரேஸி என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

“எனக்கு ஞாயித்துக்கெழமையே தெரியும் அக்கா. நாலு வருஷம் பாத்த படம். கொண்டாந்து வெச்சப்பவே அதுல பொழுது நின்னுபோச்சு.”

நான் அழுதேன். என்னைத் திட்டு, அடி என்றேன். முட்டை உடைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. நான் சொன்ன பொய் நல்ல பொய், அப்படியே இருக்கட்டும், அவருக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்று என் கையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒன்று கேட்டாள். என்னைப் பார்லோ அம்மா பக்கத்தில் வையுங்கள், அவர்கள் எனக்கு நல்லதைத்தான் கொடுத்தார்கள், யாராவது ஒருத்தராவது அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

ஒன்பதாம் நாள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது.

கல்லறைத் தோட்டத்தில் பார்லோ அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பாதிரி ஐயர் தருகிறேன் என்றார். வில்சன் கத்தினான். உயிரோடு இருந்தபோது அவளுக்குச் செய்த ஊழியம் போதாதா, செத்தும் அந்த ஏமாற்றுக்காரிக்குக் காவல் கிடக்க வேண்டுமா என்றான். கிரேஸி கேட்டுக்கொண்டது என்று நான் சொன்னேன். அவள் வெகுளி, அவளுக்கு என்ன தெரியும் என்றான். இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் கேட்ட ஆறடி அவளுக்குக் கிடைக்கும். சொன்னால் நாளைக்கு அவனுக்கும் ஒரு ஆறடி தேட வேண்டியிருக்கும். ஐயரிடம், வேறு இடம் கொடுங்கள் என்றேன். அவளை கேட் பக்கத்தில் புதைத்தோம். படத்தை வில்சன் வெந்நீர் அடுப்பில் போட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். மறுகல்யாணப் பேச்சை எடுத்தவர்களை வீட்டுக்குள் விடவில்லை. இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

எண்பத்தெட்டு ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து எல்லோரும் அவரவர் சொந்தக்காரர் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேஸிக்குப் பூ வைத்த பிறகு வில்சன் கையில் பாதிப் பூ மீதி இருந்தது. வா அக்கா என்று என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் கடைசிவரை நடந்தான். பார்லோ அம்மாவின் கல்லில் புல் மண்டிக் கிடந்தது. குனிந்து கையாலேயே பிடுங்கினான், பூவை வைத்தான், கண்ணை மூடி நின்றான். நரைத்துப்போன தலையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

“மன்னிச்சிட்டேன் அக்கா,” என்றான். “எத்தினி நாளைக்குத்தான் மனசுல வெச்சிக்கிறது? கிரேஸி இருந்தா மன்னிக்கத்தான் சொல்லியிருப்பா.”

என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். கிரேஸி செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. வில்சன் பயந்துபோய் என் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

“அழாத அக்கா. பாவம், அவங்க தெரிஞ்சா பண்ணாங்க?”

இல்லடா, தெரியாமல்தான் நடந்தது என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.